மருமகன் வைத்த புரொக்சியை அழிக்க அனுமதி கேட்டு

மெல்பேணில் வசிக்கும் மதிப்புக்குரிய மருமகன் கார்த்திகன் அவர்களுக்கு, வெள்ளவத்தையிலிருந்து மாமா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ருக்கியா எழுதுவது. இங்கே நான் கடவுள் கிருபையால் சுகம். புது வீடு உங்களுக்கும் மகள் ரூபிகாவுக்கும் எல்லா நலமும் தரவேண்டும். குறை சொல்ல எழுதுகிறேன் என்று நினைக்கக்கூடாது. ஆனால் குறை இருக்கிறது.

பெற்றோலுக்காகச் சனம் காருக்குள்ளேயே படுத்தெழும்பின வருஷம், பேப்பர் இல்லையென்று பள்ளிக்கூடச் சோதினையைத் தள்ளிவைத்த வருஷம், காஸ் கிடைக்காமல் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் தட்டில் விறகு மூட்டி எல்லாரும் இருமின வருஷம், அந்த வருஷந்தான் நீங்கள் லீவில் வந்து இந்தக் கொம்பியூட்டரை வாங்கித் தந்தது. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் ரூபிகா ஒரு விளக்குப் படத்தைத் திரையில் வைத்து, "அப்பா, இதை அமத்தினால் மரண அறிவித்தல் வரும்" என்று காட்டித் தந்தா. அன்றிலிருந்து காலமைத் தேத்தண்ணியோடு உலகத்தில் எங்கெங்கே எங்கடை ஆக்கள் செத்திருக்கினம் என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. எழுத்துத் தெரியாவிட்டாலும் முகம் தெரியுந்தானே. ஒருக்கால் கண்ட முகத்தை நான் மறக்கிறேல்லை.

போனமுறை வந்தபோது, "இங்கை திறக்காத தமிழ் நிகழ்ச்சி எல்லாம் மெல்பேணிலை திறக்கும் மாமா, நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிவிடுறன்" என்று சொல்லி விடிய இருந்து தட்டினீங்கள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. மருமகன் செய்கிறதை வேண்டாமென்று சொல்லுவதோ? பாட்டும் கூத்தும் நல்லாத்தான் வந்தது. இப்ப வந்த வினையைக் கேளுங்கோ. போன கிழமை காலமை விளக்குப் படத்தை அமத்தினன், பக்கம் மேலையிருந்து மெல்ல மெல்ல இறங்குது, ஒரு படம், சுத்திவரப் பூ, கழுத்திலை மாலை, நெத்தி, கண், வெளியாலை நிற்கிற இரண்டு காது. எங்கடை சமறியிலை இருந்தவர். சமறியெண்டால் உங்களுக்குத் தெரியாது, கந்தோரிலை வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பொடியள் சேர்ந்து வெள்ளவத்தையிலை வாடகைக்கு எடுத்திருந்த வீடு, நான்தான் சமையல். அவருக்கு இடியப்பத்துக்குச் சொதி கொஞ்சம் புளிக்கவேணும். மிச்ச ஆக்கள் எல்லாரும் ஒவ்வொருத்தராப் போய்விட்டினம், அவர் மட்டும் லண்டனிலை. கீழே என்ன எழுத்து வருகுதெண்டு ருக்கியாவைக் கூப்பிடக் கதவடிக்குப் போக, டமாரெண்டு ஒரு இடி. இடி இடிச்சால் நான் பிளக்கை இழுத்துப்போடுவன், உங்கடை மாமி பழக்கினது. இழுத்துப்போட்டன்.

மழை விட்டாப்பிறகு போட்டால் படம் இல்லை, பூ இல்லை, சாம்பல் நிறத்திலை ஒரு பக்கம் மட்டும். ருக்கியா வாசிச்சுப்போட்டு, "புரொக்சி பதில் சொல்லுதில்லயாம் அங்கிள்" என்றா. யாரவன் புரொக்சி, ஏன் எனக்குப் பதில் சொல்லவேணும்? லண்டன் நம்பருக்கு அடிச்சால் ஒரு பொம்பிளை இங்கிலீசிலை ஏதோ சொல்லிப்போட்டு வைக்கிறாள். அழுத குரல் மாதிரியும் கிடந்தது. ருக்கியா, "பேரச் சொல்லுங்க அங்கிள், நான் ஃபோன்ல தேடிப் பாக்குறன்" என்றா. பேர் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. சொல்லித் தேடினால் உறுதியாப் போயிடுமெல்லோ. இப்பவும் சொல்லமாட்டன். "செத்தாத் தெரியத்தானே வேணும்" என்கிறா. "எழுதுறதை எழுதும் பிள்ளை" என்றன்.

ஓட்டோவிலை மெசினைத் தூக்கிக்கொண்டு பாமன்கடைக்குப் போனன். அங்கை கொம்பியூட்டர் திருத்துற கடை வைச்சிருக்கிற பாஹிம் மூடியைத் திறக்காமலே சிரிக்கிறார். "அங்கிள், மெசின் எழும்பின ஒடன ஒங்கட மருமகன்ட புரோகிராமும் எழும்பி, பிரவுசர்ட புரொக்சி செட்டிங்க மாத்திப் போடுது. நீங்க கேக்கிறதெல்லாம் அவர்ட வீட்டு மெசினுக்குப் போய்த்தான் வரணும். அந்த மெசின் இப்ப ஓஃப்" என்றார். எனக்கு உடனை விளங்கினது. அந்த நாளிலை பாண் வரிசைக்கு எங்களுக்குப் பதிலா ஒரு ஆளை அனுப்புவம், அவன் படுத்தால் முழுச் சமறியும் பட்டினி. நீங்கள் வீடு மாறின நேரம் அந்த ஆளையும் பெட்டிக்குள்ளை போட்டுக் கட்டிப்போட்டீங்கள்.

பாஹிம் கையாலை செட்டிங்கை மாத்தினார், உடனை எல்லாம் திறந்தது. "விளக்க அமத்தட்டா அங்கிள்?" என்று கேட்டார். வேண்டாமெண்டிட்டன். கடையிலை சனம் நிற்குது, அவற்ரை முகத்தைப் பார்த்து நான் அழுதால்? வீட்டை கொண்டுவந்து, சாமி கும்பிட்டு, கதிரையிலை இருந்து போட்டால், உங்கடை புரோகிராம் எழும்பித் திரும்ப மாத்திப்போட்டுது, அதே சாம்பல் பக்கம். திரும்பப் பாமன்கடை. திரும்பச் சரி. திரும்ப வீடு, திரும்பச் சாம்பல். "அழிச்சிட்டாச் சரி அங்கிள், இது ஒரு வேலயா?" என்று பாஹிமுக்குக் கோவமும் வந்திட்டுது. மருமகன் கையாலை வைச்ச சாமானை மருமகனைக் கேளாமல் அழிக்கிறதோ? நாளைக்கு ஒரு சபை சந்தியிலை கதை வந்தால் நான் என்ன முகத்தோடை நிற்கிறது? ரெலிபோனிலை சொல்லுறதும் மரியாதையில்லை. அதுதான் கடிதம். தயவுசெய்து அழிக்க உத்தரவு தாருங்கோ, இல்லாட்டி அந்தப் பெட்டியைத் திறந்து உங்கடை ஆளை எழுப்பிவிடுங்கோ. ராத்திரியிலை நித்திரை இல்லை. அவர் போயிருந்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல் ஒரு வார்த்தை சொல்லவேணும். அந்த வீட்டிலை சமைச்சவன் இன்னும் இருக்கிறான் எண்டு அவற்ரை பிள்ளையளுக்குத் தெரியவேணும்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடு வாழ ஆசீர்வாதம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சின படத்தை அனுப்புங்கோ, கொம்பியூட்டருக்கு அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு, மாமா.

பி.கு: மேலே உள்ள ஒன்றையும் வாசிக்கவேண்டாம். நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள்ளை போன நேரம் இந்த ருக்கியா ரூபிகாவுக்கு அடிச்சு, "ஒங்கட வாப்பாட சமறி ஆக்கள்ல மிச்சம் யாரு?" என்று பேரைக் கேட்டுத் தன்ரை ஃபோனிலை தேடிப்போட்டா. அது மரண அறிவித்தல் இல்லையாம். அந்தப் பக்கத்திலை பிறந்தநாள் வாழ்த்தும் போடுவினமாம். எண்பதாவது. மாலை அதுக்குப் போட்டது. வாழ்த்துச் சொல்லக் கீழே ஒரு புது நம்பர் இருந்தது, அடிச்சம். "டேய், நீ இன்னும் இருக்கிறியா? உன்ரை படம் வரும் வருமெண்டு நானும் ஒவ்வொரு நாளும் பார்க்கிறன்" என்று சிரிக்கிறார், அறுவான். புரோகிராம் கிடக்கட்டும், தொடவேண்டாம், எனக்கு ஒருத்தற்ரை படமும் பார்க்கத் தேவையில்லை. அந்தச் சமறியிலை என்ரை கையாலை சாப்பிட்ட ஆக்களிலை இன்னும் உயிரோடை இருக்கிறது ஒரே ஒரு ஆள், பேர் இரத்தினசிங்கம்.