விசில் அங்கிளும் ஆரோக்கியம் பக்கமும்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதிலும், காலால் நடப்பதற்கு ஹாரன் அடித்த ஒரே மனிதர் எங்கள் விசில் அங்கிள்தான். நான்காவது மாடி நடைபாதையில் திருப்பம் வந்தால் நின்று, உதட்டைக் குவித்து நீளமாக ஒரு விசில். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒன்று. லிஃப்ட் கதவு திறந்ததும் ஒன்று. கோயிலில் பிராகாரம் சுற்றினால் நான்கு மூலைக்கும் நான்கு. குருக்கள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "சாமி, வளைவுல விசில் அடிக்காம போனா ரூல்ஸ்படி குத்தம்" என்று அங்கிள் விளக்கம் கொடுத்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. ஆன்டியே "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவார். அதுவும் மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், நினைப்பு எங்கேயோ தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டால் ஓட்டுவது நாம், பொறுப்பு அவருடையது. சிக்னல் விளக்கு மாறியதும் "கிரீன்!" என்று கத்துவார். நான் பேசாமல் கிளப்பினால் விடமாட்டார்.

"திருப்பிச் சொல்லு தம்பி. நான் கிரீன்னா நீயும் கிரீன்னு சொல்லணும். அப்பதான் ரெண்டு பேரும் ஒரே வெளக்கத்தான் பாத்தோம்னு அர்த்தம். இஞ்சின்ல அப்படித்தான் லா. அசிஸ்டன்ட் கூப்பிடுவான், டிரைவர் திருப்பிச் சொல்லணும்."

"பின்னாடி ஹாரன் அடிக்கிறான் அங்கிள்."

"அவன் கெடக்கான். நீ சொல்லு."

"கிரீன்."

"ம், போ."

அதற்குள் சிவப்பு விழுந்திருக்கும்.

இதெல்லாம் வெளி நடமாட்டம். அவருடைய உண்மையான ராஜ்ஜியம் வீட்டுக்குள் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து போர்ட் கிள்ளான் வரைக்கும் போகும் ரயில் பாதையை, மின்சாரக் கம்பி வருவதற்கு முன்னால் இருந்தபடியே, வீட்டு ஹாலில் கட்டி வைத்திருந்தார். இடுப்பு உயரத்துக்குப் பலகை. அதன் மேல் விரல் பருமனில் தண்டவாளம். பிஸ்கட் டின்னில் செய்த ஸ்டேஷன்கள், ஐஸ்கிரீம் குச்சியில் செய்த பாலங்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் கோலாலம்பூர், சாமி மேடைக்குக் கீழே போர்ட் கிள்ளான். சோபா எங்கே என்று கேட்டால், "செமினி டவுன்ல மவன் வீட்டுல இருக்கு" என்பார் ஆன்டி. சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமூச்சு இருக்கும்.

பாதை ஹாலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனதால், சமையலறைக்குப் போக நடுவில் வரும் பத்து தீகா ஸ்டேஷனில் ஒரு கேட் வைத்திருந்தார். பலகையைத் தூக்கிவிட்டு நுழைய வேண்டும். ஆனால் வண்டி வரும் நேரத்தில் கேட்டைத் தூக்கக்கூடாது. ஒரு தடவை கீழ் வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று பிளம்பர் பதறிக்கொண்டு வந்தார்.

"அங்கிள், சிங்க் பைப்பு உடைஞ்சிருக்கு. வழி விடுங்க."

"கேட் சாத்தியிருக்குல்ல? பதினொன்னே காலு கூட்ஸ் வருது. போகட்டும்."

"எவ்ளோ நேரம் அங்கிள்?"

"சுபாங்ல இருக்கு."

பிளம்பர் எட்டிப் பார்த்தார். சுபாங் ஸ்டேஷன் ஒரு முழம் தள்ளி இருந்தது. கூட்ஸ் வண்டி நிதானமாக வந்து, பத்து தீகாவில் தண்ணீர் பிடிப்பதைப் போல் ஒரு நிமிடம் நின்று, பிறகு போனது. கீழ் வீட்டுக்காரர்கள் வாளியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிளம்பர் இப்போது எந்த வேலைக்கு இந்தப் பக்கம் வந்தாலும், அங்கிள் வீட்டுக்குள் நுழைந்து வண்டி பார்க்காமல் போவதில்லை.

நானும் முதலில் சிரித்தவன்தான். குனிந்து பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாதையோரத்தில் நூறு வீடாவது இருக்கும். ஒரு வீட்டுக்குக்கூட முன்வாசல் கிடையாது. எல்லாம் பின்பக்கம். கொல்லைக் கதவு, குளியலறைத் தகரம், கொடியில் காயும் சாரோங், பாத்திரம் கழுவும் பெண்மணி, அவளைப் பார்த்துக் குரைக்கும் நாய்.

"டிரைவருக்கு ஊரோட முதுகுதான் தம்பி தெரியும். முன்னாடி பெயின்ட் அடிச்சு வச்சிருப்பான். பின்னாடிதான் குடும்பம் நடக்கும்" என்றார். அந்த நாய்க்குக்கூடப் பெயர் வைத்திருந்தார். தினமும் அவரைப் பார்த்துக் குரைத்ததாம். ஒரு நாள் குரைக்கவில்லை, அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். ஓடுகிற ரயிலிலிருந்து ஒரு நாயை நினைத்துக் கவலைப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் இதெல்லாம் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான். மறுபக்கம் முழுக்கக் கறுப்புத் துணி. அதில் அங்கங்கே கடுகு அளவுக்குச் சின்னச் சின்ன பல்பு.

"இது என்ன அங்கிள்?"

"ராத்திரி."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பகலில் கூட்ஸை ஓட்டிக்கொண்டு போவார். டிரைவர் சீட் ஒரு பக்கம், அசிஸ்டன்ட் சீட் மறுபக்கம். அதனால் தன் பக்கத்து ஊர்தான் அவருக்குத் தெரியும். திரும்பி வரும்போது அந்த மறுபக்கம் இவர் பக்கமாக வரும், ஆனால் இருட்டியிருக்கும். விளக்குகளை மட்டும்தான் பார்த்திருக்கிறார். பார்க்காததைக் கட்ட மாட்டேன் என்றார். பழைய படங்களைத் தேடித் தரட்டுமா என்றேன். "படத்துல ஒரு நாள்தான் லா இருக்கும். நான் கட்டுறது எல்லா நாளையும்." இப்போது போய்ப் பார்த்தால் கொண்டோ அடுக்குமாடிகள்தான் தெரிகின்றனவாம்.

"அந்தப் பக்கத்தைப் பகல்ல பாத்தது யாரு?"

"ஆரோக்கியம்" என்றார். சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்து சமையலறைக்குள் போய்விட்டார். வண்டி வரும் நேரம் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

மீதிக் கதையை ஆன்டிதான் சொன்னார். ஆரோக்கியம் கிள்ளான்காரர், ஒன்பது வருடம் அங்கிளுக்கு அசிஸ்டன்ட். ஒரு நாள் பாடாங் ஜாவா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு. அங்கிள் பதில் குரல் கொடுக்கவில்லை, ஆரோக்கியமே பாய்ந்து பிரேக்கை இழுத்தார். வண்டி சிக்னலை ஓர் இஞ்சின் நீளம் தாண்டி நின்றது. எதிரில் வண்டி இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில் ஆரோக்கியம், "நான் கூப்பிட்டேன்" என்றார். அங்கிள், "கூப்பிடவே இல்லை" என்றார். டிரைவர் சொல்தான் எடுபட்டது. ஆரோக்கியத்துக்கு டிரைவர் பரீட்சை இரண்டு வருடம் தள்ளிப் போனது. அன்றோடு பேச்சு நின்றது. அங்கிள் மூட்டு வலி என்று எழுதிக் கொடுத்து, வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டு வேலைக்கு மாறிக்கொண்டார். கிள்ளான் பாதையில் பிறகு அவர் வண்டி ஓட்டவேயில்லை. முப்பது வருடம் ஆகிறது.

"இப்ப ஆரோக்கியம் ஆஸ்திரேலியா பெர்த்துக்கு மவ வீட்டோட போறாராம் தம்பி. வர்ற மாசம். இவரு ராத்திரி பகலா அந்தக் கறுப்புத் துணியையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நீ கூட்டிட்டுப் போயேன்" என்றார் ஆன்டி.

கூட்டிக்கொண்டு போனேன். கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினோம். அங்கிள் உட்காரவில்லை. ஓட்டுநர் அறைக் கதவோடு ஒட்டி நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இப்ப பிரேக் போடணும்" என்பார், வண்டி உடனே வேகம் குறையும். ஏதோ அவர் சொல்லித்தான் குறைகிறது என்று நினைத்து, ஒரு சீனக் கிழவர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். கிள்ளானில் இறங்கியதும் நேரே முன்னால் போய், டுடோங் முக்காடு அணிந்த அந்த இளம் பெண் ஓட்டுநருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "பாகுஸ், நாக். சாங்காட் பாகுஸ்" என்றார், ரொம்ப நன்றாக ஓட்டினாய் மகளே என்று மலாயில். அந்தப் பெண் திகைத்துப் போய்த் திருப்பி ஒரு சல்யூட் வைத்தது.

அதுவரைக்கும்தான் வீரம். ஆரோக்கியம் வீட்டு கேட்டுக்கு முன்னால் அங்கிளின் கால் நகரவில்லை. நான்தான் மணியை அடித்தேன். ஒல்லியாக, கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு மனிதர் வெளியே வந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ கூப்பிட்ட ஆரோக்கியம்" என்றார் அங்கிள். வணக்கம் இல்லை, நலமா இல்லை. "எனக்குத்தான் கேக்கல. ஒன் பக்கத்துக் காது அப்பவே போச்சு. மெடிக்கல்ல காது டெஸ்டு பண்றப்ப நர்ஸோட விரலு பட்டனை அமுக்குறத அலமாரிக் கண்ணாடில பாத்துக் கைய தூக்கிப் பாஸ் பண்ணேன். சொன்னா வண்டிய விட்டு எறக்கிருவாங்கன்னு பயந்துட்டேன். பழிய ஒன் மேல போட்டேன்."

மூன்று தடவை கூப்பிட்டால் திரும்பும் ரகசியம் அதுதான். ஆன்டிக்குக்கூடத் தெரியாது.

ஆரோக்கியம் கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றார். "எனக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"காது. ரெண்டு வருசமா நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்துனேன்னு நெனைச்சீங்க? அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, கத்த முடியல. விசாரணைல ஒரு வார்த்தை ஒங்க காதைப் பத்திச் சொன்னேனா? ஒங்க சீட்டு போயிரும்னுதான் வாயை மூடிக்கிட்டேன். நீங்க என்னைக் கூப்பிட்டு, 'ஆரோக்கியம், இப்படிடா'ன்னு சொல்வீங்கன்னு பாத்தேன். பரீட்சை கெடக்கட்டும்ணே. நீங்க சொல்லல பாத்தீங்களா, அதான்."

அங்கிள் அழுதார். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். "சரி சரி, உள்ள வாங்க. எதிர் வீட்டுக்காரம்மா வேடிக்கை பாக்குது" என்று ஆரோக்கியம் கேட்டைத் திறந்தார்.

மறுநாளே ஆரோக்கியம் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்துவிட்டார். அடுத்த மூன்று வாரமும் தினம் வந்தார். கறுப்புத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டினார்கள். ஆரோக்கியம் சொல்லச் சொல்ல அங்கிள் கட்டினார். அதில் ஒரு சிக்கல். ஆரோக்கியத்துக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் சாப்பாட்டுக் கடைகள் மட்டும்தான்.

"இங்க ஒரு மலாய்க்கார அக்கா பீசாங் கோரேங் பொரிக்கும்ணே. அதுக்குப் பக்கத்துல அப்பம். அதத் தாண்டி ஒரு மீ ரெபுஸ் கடை."

"டேய், ஒன் பக்கம் மனுசன் வீடே இல்லையாடா?"

"இருந்திருக்கும்ணே. வாசனை வந்ததைத்தான் நான் பாத்தேன்."

இப்படியாக அங்கிள் பக்கம் நூறு கொல்லைப்புறமும் ஆரோக்கியம் பக்கம் முப்பத்தேழு பலகாரக் கடைகளுமாகப் பாதை நிறைந்தது. ஆன்டி கேட்டருகே நின்று இருவருக்கும் காபி நீட்டினார். வண்டி வந்தால் அவரே காத்துக்கொண்டு நின்றார், ஒரு பெருமூச்சும் இல்லாமல்.

கடைசி நாள், புக்கிட் பாடாக்குக்கும் கிள்ளானுக்கும் நடுவில் இரண்டு அடி மட்டும் கறுப்பாக மிச்சம் இருந்தது. "இங்க என்னடா?" என்றார் அங்கிள். ஆரோக்கியம் தலையைச் சொறிந்தார்.

"இங்க ஒண்ணும் தெரியாதுண்ணே. சாப்பிட்ட சோறு வேலையைக் காட்டிரும். நான் தெனமும் தூங்கிருவேன். ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு."

"தெரியும்டா. ஒன் சிக்னலையும் நானே கூப்பிட்டு, நானே பதிலும் சொல்லிக்கிட்டேன். எழுப்ப மனசு வரல."

ஆரோக்கியம் பெர்த்துக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று போயிருந்தேன். கூட்ஸ் சுபாங், பத்து தீகா, பாடாங் ஜாவா எல்லாம் தாண்டி விறுவிறுவென்று வந்தது. புக்கிட் பாடாக் தாண்டியதும் அங்கிள் வேகத்தைக் குறைத்தார். அந்த இரண்டு அடிக் கறுப்பை வண்டி சத்தமே இல்லாமல் ஊர்ந்து கடந்தது.

"ஏன் அங்கிள், இங்க ஸ்பீடு லிமிட்டா?"

"தூங்குறான்ல" என்றார்.

நானும் காபி கிளாஸை மெதுவாகத்தான் கீழே வைத்தேன்.