முந்நூற்றைம்பது வருஷத்துப் பல்வலி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு கொஞ்சகாலம் சும்மா இருந்துவிட்டு, யார்க்‌ஷயரில் எங்கள் தார்ன்பெக் ஊரில் ‘ஒபதியா கிரெஸ்வெல் நாட்குறிப்பு வாசிப்புக் கழக’த்தைத் தோற்றுவித்தது. இதற்கு மேல் நாகரிகம் போக இடமில்லை என்பது கழகத் தலைவர் ரெஜினல்ட் ஹாப்வுட்டின் தாழ்மையான கருத்து.

ஒபதியா, பதினேழாம் நூற்றாண்டில் இதே ஊரில் கம்பளித் துணி விற்றவன். ராஜா, போர், கொள்ளைநோய் எதையும் பெரிதாக மதிக்காமல், மனைவி சூசன்னா சமைத்துத் தான் தின்றதையும் தும்மியதையும் தன் பொய்முடியில் பேன் பிடித்ததையும் ஒருநாள் விடாமல் ரகசியமாக எழுதிவைத்த மகான். அந்த நாட்குறிப்பைக் கழகம் நாளுக்கு ஒரு பக்கமாக, அதே தேதியில், மாலை நான்கு மணிக்குத் தேவாலய மண்டபத்தில் கூடி வாசிக்கிறது. தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும் உண்டு. 1661இல் தொடங்கி, ஆறு வருஷம் பாடுபட்டு, இப்போது 1667க்கு வந்திருக்கிறோம். ஒபதியாவின் பொய்முடி ஆற்றோடு போன அன்று பதினொரு உறுப்பினர்களும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். அவனுக்கு இருமல் வந்த ஜனவரியில் கர்னல் ட்ரூவிட் பத்தியம் இருந்தார்.

கழகத்தின் ஏழாம் விதி கடுமையானது. யாரும் ஒரு நாள்கூட முன்னால் படிக்கக் கூடாது. பிராட் என்பவர் தேவாலயத்து அடக்கப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு வந்து, “ஆளு செத்துட்டானாம்ப்பா” என்று கூட்டத்தில் உளறினார். அன்றே நீக்கப்பட்டார். ஒபதியாவின் கல்லறையில் இருக்கும் ஆண்டு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று கழகமே அதைச் சாக்குப் போட்டு மூடிவைத்திருக்கிறது.

தலைவர் ரெஜினல்ட் சாக்கடைத் துறையில் முப்பத்தொரு வருஷம் உயர் பதவி வகித்தவர். ஆழமாகப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். ஒபதியாவின் கோழிக்கிறுக்கல் மட்டும் அவருக்குப் படிக்க வராது. தலைவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உலகத்திலேயே அந்தக் கையெழுத்து புரிந்த ஒரே ஆள் அவர் மனைவி மேவிஸ்தான். அவள் படித்துத் தட்டச்சு செய்து, உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதிக் கொடுப்பாள். அப்படியானால் அவள் முன்னால் படித்துவிடுகிறாளே என்று ஒருவர் ஆட்சேபித்தார். தட்டச்சு செய்கிறவர் படித்தவராகக் கருதப்பட மாட்டார் என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை உணவின்போது மேவிஸ் ரொட்டியைத் தொடவே இல்லை.

“ரெஜி, பல்லு உயிர் போகுது. இன்னியோட நாலு நாளாச்சு.”

“ம். ஒபதியாவுக்கு இதே மாதிரிதான் 1664 நவம்பர்ல வந்துச்சு, கண்ணு. கீழ்வரிசை, இடது கடைவாய்ப் பல்லு, பதினேழு நாள்! கிராம்பு வெச்சுப் பாத்தான், பாவம். எனக்குச் சோறே இறங்கல.”

“மூணு மணிக்குப் பல் டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. இந்த வலியோட என்னால கார் ஓட்ட முடியாது. கொண்டுபோய் விடறியா?”

“மூணு மணிக்கா? நாலு மணிக்கு வாசிப்பு இருக்கே!”

“ஒபதியா முந்நூத்தம்பது வருஷம் காத்துட்டு இருந்தவன். ஒரே ஒரு நாள் எனக்காகக் காத்திருக்க மாட்டானா?”

ரெஜினல்ட் விழுந்து விழுந்து சிரித்தார். ஆண்டுவிழாப் பேச்சுக்கு ஆகும் என்று அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு மனைவியின் முகத்தை அன்போடு பார்த்தார்.

“கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கே. நல்லா இருக்கு.”

மேவிஸ் எழுந்தாள். “இன்னிக்கும் நாளைக்கும் சேத்தே அடிச்சு, மண்டபத்துல கொடுத்துட்டுப் போறேன்” என்றாள். எங்கே போகிறாள் என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

நான்கு மணிக்குத் தலைவர் முதல் உறையைப் பிரித்து, கணீரென்று வாசித்தார்.

‘இன்று காலை என் மனையாள் பல்வலி என்றாள். நான்காம் நாளாம். நான் வேறொருவன் பல்லைப் பற்றி விரிவாய்ப் பேசினேன். அவள் கன்னம் வீங்கியிருந்தது. சதை போட்டிருக்கிறாய், நன்று என்றேன். வைத்தியனிடம் அழைத்துப் போகச் சொன்னாள், எனக்கு நேரம் ஒழியவில்லை. ஏனெனில், செத்துப்போன ஒருவனுடைய நாட்குறிப்பை வாசிக்கும் சபைக்குப் போகவேண்டியிருந்தது. இஞ்சிப் பணியாரம் மொறுமொறுவென்று இருந்தது.’

மண்டபத்தில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

“ராட்சசன்!” என்றார் செயலாளர் எனிட் பிளாக்சம் அம்மையார். “சூசன்னா மாதிரி ஒரு பொண்டாட்டி கெடைச்சும் இப்படியா?”

“நில்லுங்க, நில்லுங்க!” தலைவர் துள்ளி எழுந்தார். “இதுல ஒரு வரலாற்று உண்மை இருக்கு. பதினேழாம் நூற்றாண்டுலயே நாட்குறிப்பு வாசிப்புக் கழகம் இருந்திருக்கு! நாம ரெண்டாவதுதான்!”

“அப்ப அவங்க யாரோட நாட்குறிப்பைப் படிச்சாங்க?” என்றார் கர்னல்.

“அவனுக்கும் முந்தி ஒருத்தன் எழுதினதை.”

“அந்த முந்தினவன்?”

“அவனுக்கும் ஒரு கழகம் இருந்திருக்கும், கர்னல்.”

இந்தப் பரவசம் அடங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம்தான் சூசன்னாவின் பல் ஞாபகத்துக்கு வந்தது. ஒபதியாவைக் கண்டிக்க வேண்டும் என்றார் எனிட் அம்மையார். தீர்மானத்தைத் தலைவரே முன்மொழிந்தார். பேசப் பேச அவர் கண் கலங்கியது.

“வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு. அதுல ஒருத்திக்கு வலிக்குது. பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு அது தெரியலன்னா, அவன் எதுக்குய்யா அந்த வீட்ல?”

கைதட்டல் நிற்கவில்லை. ‘மனைவியின் வலியை மதிக்காத ஒபதியா கிரெஸ்வெல் என்பவனை இக்கழகம் வன்மையாகக் கண்டிக்கிறது’ என்று பதினொன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. சூசன்னா விரைவில் குணமடைய வாழ்த்தி ஓர் அட்டை வாங்கி எல்லாரும் கையெழுத்திட்டார்கள். அதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்பது மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. மேவிஸ் மாடியில் படுத்திருக்கிறாள் என்று தலைவர் முடிவு செய்தார். படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்று, தன் உரையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை என்று அவருக்கு ஒரே பூரிப்பு. தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கூடத்துச் சோபாவிலேயே படுத்துக்கொண்டார். காலையிலும் எழுப்பவில்லை.

புதன்கிழமை நான்கு மணி. இரண்டாம் உறை.

‘என் மனையாள் வீட்டில் இல்லை. நேற்றே ஒண்டியாகப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, ஐந்தே கால் பஸ்ஸில் விட்பியில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு இன்னும் தெரியாது. நேற்று மாலை ஆளில்லாத அறையோடு பேசியிருப்பேன். பதில் வராதது பழகிப்போனதால் வித்தியாசம் தெரிந்திருக்காது.’

“1667ல பஸ் எப்படி வந்துச்சு?” என்றார் கர்னல் மெதுவாக.

பத்து முகங்கள் தலைவர் பக்கம் திரும்பின. எனிட் அம்மையார் முந்தின நாள் குறிப்பேட்டைப் புரட்டி, கண்டனத் தீர்மானத்தில் ‘ஒபதியா கிரெஸ்வெல்’ என்ற பெயரை ஒரே கோடாக அடித்து, மேலே ‘ரெஜினல்ட் ஹாப்வுட்’ என்று எழுதினார். திருத்தம் பத்துக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. தலைவர் நாற்காலியில் சரிந்தார். அவர் உதடு துடித்தது. கூட்டமே அவருக்காக இரக்கப்பட்டுக் காத்திருந்தது.

“அப்படின்னா...” என்றார் தலைவர். “ஒபதியா நேத்து நெஜமா என்னதான் பண்ணினான்?”

பத்துப் பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். ஆமாம்! இரண்டு நாள் போய்விட்டதே! உயிரோடு இருக்கிறானா? இருமல் திரும்பிவிட்டதா? மூலப் பிரதி மேஜைமேல்தான் இருந்தது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவள் விட்பியில் இருந்தாள்.

ஐந்தே கால் பஸ்ஸில் கழகம் முழுவதும் ஏறியது. கர்னலின் மடியில் மூலப் பிரதி, பிஸ்கட் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. வழியில் எனிட் அம்மையார் வாழ்த்து அட்டையில் ‘சூசன்னா’வை அடித்து ‘மேவிஸ்’ என்று எழுதினார். எங்கள் ஊரில் எதையும் வீணாக்க மாட்டோம்.

மேவிஸே கதவைத் திறந்தாள், சங்கிலியைக் கழற்றாமல். இரண்டு கன்னத்தையும் மூடிக் கம்பளிச் சால்வை சுற்றியிருந்தாள்.

“கண்ணு, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். வீட்டுக்கு வா. நீ இல்லாம...” தலைவரின் கண் ஒரு நொடி, ஒரே நொடி, பிஸ்கட் டப்பாமேல் போய்விட்டு வந்தது.

மேவிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், ரெஜி. பதில் சொல்லிட்டா இப்பவே பொட்டியை எடுத்துட்டு வந்துடறேன். எந்தப் பல்லு?”

ரெஜினல்ட் திரும்பி உறுப்பினர்களைப் பார்த்தார். பத்துப் பேருக்கும் விடை தெரிந்திருந்தது. கர்னல் வாயசைத்தார். தலைவருக்கு அந்த உதவிகூடத் தேவைப்படவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

“கீழ்வரிசை, இடது பக்கம், கடைவாய்ப் பல்லு.”

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அட்டையை எனிட் அம்மையார் கதவிடுக்கில் தள்ளினார். அது அப்படியே திரும்பி வந்தது.

அன்றைய குறிப்பேட்டில் இப்படிப் பதிவாகியிருக்கிறது. ‘தலைவர் அளித்த விடை எல்லா விவரங்களிலும் சரியாக இருந்ததைக் கழகம் பெருமையுடன் பாராட்டுகிறது. பல் மட்டும் வேறொருவருடையது.’