தீரவில்லை என்று எழுதி வாங்கப் போனேன்

உடன்பிறந்த அண்ணன் மேல் வழக்குப் போடக் கிளம்பியவள் நான். அதையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால், அதுவும் இல்லை.

அம்மா அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில், அண்ணனோடு இருந்தார். அவர் இறந்த அன்று நான் பதுளையில், பிறந்து பதினெட்டு நாளான மகளுடன் இருந்தேன். போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாவு வீட்டில் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம், "என் மடியிலதாங்க உசுரு போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மடியில் வைத்திருந்தவருக்கு எனக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லையா? அதை நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அம்மாவின் தையல் மெஷினைக் கேட்டேன். தர முடியாது என்றார். அவ்வளவுதான், எனக்கு வழக்குக் கிடைத்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து, பதுளையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன்.

"மெஷினுக்கெல்லாம் நேரா கோர்ட்டுக்குப் போக ஏலாதும்மா. மொதல்ல மத்தியஸ்த சபை. அங்க தீரலைன்னு ஒரு சான்றிதழ் குடுப்பாங்க. அதைக் கொண்டாங்க, வழக்கை இங்க எடுத்துருவோம்."

அதாவது, நான் போய்க் கவனமாகத் தோற்றுவிட்டு வர வேண்டும். என் கணவர் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். "என்ன கேட்டாலும் 'சம்மதமில்லைங்க'ன்னு மட்டும் சொல்லு. உன்னைய எனக்குத் தெரியும், பாவம் பாத்துருவ." சமையலறையில் "டீ குடிக்கிறியா?" என்பார். "சம்மதமில்லைங்க" என்பேன்.

சபைக்குக் கொடுக்கும் முறைப்பாட்டுக்கு அரைப் பக்கம் போதும் என்றிருந்தார்கள். நான் ஆசிரியை. பதினோரு பக்கம் எழுதினேன். வேர் ஒன்றுதானே, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விசாரித்துவிடலாம் என்பது என் சட்ட ஞானம். மெஷின் முதலாம் இலக்கம். காம்பராவில் என் பாதி இரண்டாம் இலக்கம். ஆறாம் வகுப்பில் அண்ணன் உடைத்த என் கணிதப் பெட்டிக் கவராயம் மூன்றாம் இலக்கம். (அழித்தேன். பிறகு, விடுபட்டால் வழக்கு பலவீனமாகிவிடுமோ என்று பயந்து மறுபடி எழுதினேன்.) கடைசி இலக்கத்தில், ஏன் போன் போடவில்லை என்று கேட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, அப்புத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறையில் சபை கூடியது. மூன்று மத்தியஸ்தர்கள். அவர்களில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர்தான் பேசினார். அண்ணனும் நானும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மடியில் மகள், பனிக்குப் பயந்து இரண்டு தொப்பிகளோடு. ஜன்னலுக்கு வெளியே, அடுத்த முறைக்குக் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"தண்ணி குடிக்கிறீங்களா மகள்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"சம்மதமில்லைங்க."

தபால் அதிபர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பதினோரு பக்கத்தையும் உரக்க வாசிக்கத் தொடங்கினார். வாசித்து முடிந்த இலக்கங்களைக் கடிதம் பிரிப்பதுபோலப் பிரித்தார்.

"மெஷின் எங்க அதிகாரத்துல வரும். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அது உங்க ரெண்டு பேருதும் இல்ல. கவராயம்..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கவராயத்துக்கு ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்க."

ஜன்னல் சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசி இலக்கத்தைப் பாதி வாசித்ததும் அவர் குரல் தணிந்தது. தாளைக் கீழே வைத்தார்.

"இது எங்களுக்கு வராது, மகள்."

"பதுளைக்குக் கொண்டு போனா?"

"அங்கயும் வராது."

"ஹைகோர்ட்டு?" (ஆமாம், கேட்டேன்.)

"கொழும்பு வரைக்கும் போங்க. இதை விசாரிக்க ஒரு கோர்ட்டும் இல்லம்மா."

அப்போது அண்ணன் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் மடியில வச்சிருக்கல."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"காலையில அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு. லொறி கேக்க தோட்டத்து ஆபீசுக்கு ஓடுனேன். தொரை வரட்டும்னு வெளிய நிக்க வச்சிட்டாங்க. லொறியோட வந்து பாத்தா... லயத்துல ஒருத்தருமில்ல பாப்பா. எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாங்க."

"அப்ப ஏன் அண்ணே மடியிலன்னு சொன்னீங்க?"

"அம்மா தனியா போச்சுன்னு எப்புடிச் சொல்றது?"

மேசையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மெஷினையும் தூக்கிட்டா அம்மாவோட அந்த மூலையில ஒண்ணுமே இருக்காது" என்றார்.

மகள் என் மடியிலிருந்து நழுவப் பார்த்தாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தபால் அதிபர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப மெஷின் அண்ணங்கிட்டயே இருக்கட்டுமா?"

ஒரு வாரம் பயிற்சி எடுத்த வாய், "இருக்கட்டுங்க" என்றது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். (அழகாகவே போட்டேன்.)

திங்கட்கிழமை சட்டத்தரணி அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். "தீந்துருச்சுன்னு போட்டிருக்காங்களேம்மா! தோத்துட்டு வாங்கன்னா, ஜெயிச்சிட்டு வந்திருக்கீங்களா?"

"ஜெயிக்கவும் இல்லைங்க" என்றேன். மெஷினும் இல்லை, சான்றிதழும் இல்லை.

மூன்று வருடமாக என் கணவருக்கு இதுதான் பிழைப்பு. மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொம்மையைப் பிடுங்கினால், "இது நம்ம அதிகாரத்துல வராது, அப்புத்தளைக்கு அனுப்பு" என்பார். நான் ஏதாவது மறுத்தால், பதினோரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்வார். அண்ணன் வரும்போது இருவரும் சேர்ந்துகொள்வார்கள்.

இதை எழுதட்டுமா என்று அண்ணனிடம் நான்கு தடவை கேட்டேன். "எழுதிக்க பாப்பா. நம்ம சொந்தத்துல யாரு இதெல்லாம் படிக்கப் போறா?" என்றார்.

அது உண்மைதான். அம்மாவின் திவசத்துக்கு வரும் சொந்தத்தில் ஒருவராவது கடைசி நேரத்தைப் பற்றிக் கேட்காமல் சாப்பிட உட்காருவதில்லை. அண்ணன் உடனே கொல்லைப்பக்கம் போய்விடுவார். நான் இலை போட்டுக்கொண்டே பதில் சொல்கிறேன்.

"அண்ணன் மடியிலதாங்க."