அது மியூசியம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை

எனக்கு வழி கேட்கும் பழக்கம் கிடையாது. இதை ஒரு குறை என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. கண் இருக்கிறது, கால் இருக்கிறது, ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்குத் தெரு என்று ஒன்றும் இருக்கும். அப்புறம் எதற்கு இன்னொருத்தர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்?

முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆக்லாந்தில் எங்களைத் தெரிந்த வீடுகளில் இந்தக் கதை வேறு மாதிரி உலவுகிறது. என் கணவர் சொல்வது ஒரு விதம், மச்சாள் சொல்வது ஒரு விதம். இரண்டிலும் நான்தான் கோமாளி. நடந்ததை நடந்தபடி சொல்ல ஆளில்லாததால் நானே எழுதுகிறேன்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நாத்தனார் என்போம். அந்தச் சொல்லுக்கே ஒரு காரம் உண்டு.) அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கல்யாணமான புதிதில் ஒருநாள் மச்சாள், "செல்வி, உம்மோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்று கூப்பிட்டார். ஏதோ நல்ல கதை என்று ஆசையோடு போய் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு கூடியதற்குத் திட்டு வாங்கிக்கொண்டு எழுந்தவள் நான்.

மச்சாளுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. ஓடிக்கொண்டிருக்கும் பிஸ்கட்டுகளில் உடைந்ததைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அந்தக் கண் என் மேல்தான். நான் எல்லர்ஸ்லியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். எது உண்மை, எது புளுகு என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். (இந்த இடத்தில் என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.)

மச்சாளின் அறுபதாவது பிறந்த நாளுக்காகத்தான் அந்தக் கப்பல் பயணம். நான், கணவர், மச்சாள், மகள் மாயா. ஆக்லாந்தில் ஏறி, டாஸ்மன் கடலைத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டிப் போகும் கப்பல். பெரிய ஊர்களெல்லாம் முடிந்த பிறகு, வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற மாதிரி ஒரு சின்னத் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும் என்றார்கள். முன்னால் கடல், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் பொட்டல். நடுவில் இரும்புத்தாது ஏற்றுகிற நீளமான பாலம் ஒன்று, கடைத்தெரு ஒன்று, பப் ஒன்று. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊரோடு எனக்கு எந்த விரோதமும் இல்லை.

கப்பல்காரர்களே பஸ்ஸில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார்கள். மச்சாளுக்கு அதில்தான் ஆசை. நான் மாட்டேன் என்றேன். நெஞ்சில் நம்பர் ஒட்டிக்கொண்டு ஆட்டு மந்தை மாதிரி ஏறி இறங்க வேண்டுமா, ஒற்றைத் தெரு இருக்கிற ஊருக்கு வழிகாட்டி எதற்கு, நான் காட்ட மாட்டேனா என்று காலைச் சாப்பாட்டு மேசையிலேயே வாதாடினேன். கணவர் முட்டையைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. (பதினெட்டு வருட அனுபவம்.)

கடைசியில் மச்சாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சரி, நீரே கூட்டிக்கொண்டு போம். ஆனா ஒண்டு. பிழைச்சுதெண்டால் வாற டிசம்பர் எங்க போறதெண்டு நான்தான் சொல்லுவன்."

இதன் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும். அந்த டிசம்பருக்கு நான் திருநெல்வேலிக்குப் போய், அப்படியே குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நிற்பதாகத் திட்டம். மச்சாளுக்கோ டொராண்டோவில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். ஆறு மாதமாக அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நான் சரி என்று கை கொடுத்தேன். ஒற்றைத் தெரு ஊரில் என்ன தவறிவிடப் போகிறது?

துறைமுகத்திலிருந்து ஊருக்குள் விடுகிற இலவச பஸ் எங்களைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டபோது, மஞ்சள் தொப்பி போட்ட உள்ளூர்க்காரர்கள் சிலர் எல்லோருக்கும் ஊர் வரைபடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் புன்னகையோடு மறுத்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஈக்கள் மூக்குக்குள்ளேயே குடித்தனம் நடத்தப் பார்த்தன. என் பச்சைக் குடையை விரித்தேன். என் கணவர் நெட்டை. அவர் தலையும் நிழலுக்குள் வர வேண்டும் என்பதற்காகக் குடையைக் கை வலிக்க உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கணவர் மேல் உள்ள அக்கறையில் செய்தது, வேறெதற்கும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் மாயா என் கையைச் சுரண்டினாள். "அம்மா, பீப்பிள் ஆர் ஃபாலோயிங் அஸ்."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் கப்பலில் வந்தவர்கள், பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரத் தம்பதிகள், இருபது பேர் போல, என் குடைக்குப் பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். குடையை உயர்த்திப் பிடித்து நடப்பவள் டூர் கைடுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் ஏன் மறுக்க வேண்டும்? முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன்.

தெருமுனையில் 'மியூசியம்' என்று ஒரு பலகை, ஓர் அம்புக்குறி. அந்த அம்பு எந்த வீட்டைக் காட்டியது என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் வண்ணக் கொடிகள் கட்டி, ஏப்ரன் போட்ட பெண்கள் மேசையில் கேக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ பிறந்த நாள் என்று நினைத்தேன். அடுத்தவர் வீட்டு விசேஷத்தை எட்டிப் பார்ப்பது பண்பில்லை என்று தலையைத் திருப்பிக்கொண்டு கடந்துபோனேன்.

அடுத்த வீட்டு முற்றத்தில் துருப்பிடித்த நங்கூரம் ஒன்று கிடந்தது. வராந்தாவில் குதிரைச் சேணம், வண்டிச் சக்கரம், முக்குளிப்பவர்கள் போடுகிற பித்தளைத் தலைக்கவசம். கதவு திறந்திருந்தது. நீங்களே சொல்லுங்கள், எந்த மனிதன் வீட்டு முற்றத்தில் நங்கூரம் வைத்திருப்பான்?

எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனேன். கூட்டம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. தெரியாது என்று சொல்லி அவர்கள் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நங்கூரம் ஒரு போர்க்கப்பலுடையது என்றேன். சேணம் இந்த ஊரின் முதல் தபால்காரருடையது என்றேன். சமையலறையில் பழைய இரும்பு அடுப்பு. அதன் மேல் ஒரு சட்டியில் பாதி சாப்பிட்ட பீன்ஸ், கரண்டியோடு. "எவ்வளவு நுணுக்கமா அமைச்சிருக்காங்க பாருங்க" என்று வியந்தேன். எல்லோரும் படம் எடுத்தார்கள். மச்சாள் அலமாரியில் விரலை ஓட்டி, ஒட்டிய தூசியை எனக்குக் காட்டி, துடைக்க ஒரு ஆளைப் போடக் கூடாதோ என்று முனகினார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மச்சாளும் அதை மியூசியம் என்றுதான் நம்பினார்.

முன்னறையில் திரை இழுத்துவிட்டிருந்தது. அரை இருட்டு. அங்கேதான் அந்தச் சிலை. உயரமான நாற்காலியில் ஒரு கிழவர், பழைய துறைமுகத் தொழிலாளி உடையில், கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, வெறுங்காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரும்புத்தாது ஏற்றிய அந்தக்காலத் தொழிலாளியின் மெழுகு உருவம் என்று விளக்கினேன். பக்கத்தில் ஒரு சாஸரில் பொத்தான் அளவு ஏதோ ஒரு கருவி. அது தந்திப் பெட்டியின் உதிரி பாகம் என்றேன்.

"கால் நகம் வரைக்கும் செஞ்சிருக்காங்க பாருங்க" என்று சொல்லிக் குனிந்து, அந்தப் பெருவிரலைத் தொட்டேன்.

விரல் சூடாக இருந்தது.

கிழவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் காமிராவோடு நின்ற இருபது பேரையும் பார்த்தார். நிதானமாகக் கேட்டார்.

"யூ ரைட், லவ்?" (என்னம்மா, என்ன வேணும் என்று அந்த ஊர்ப் பேச்சில் அர்த்தம்.)

இந்த மாதிரி நேரத்தில் புத்திசாலிகள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான், எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்டேன்.

அவர் சாஸரிலிருந்து தந்திப் பெட்டியின் உதிரி பாகத்தை எடுத்துக் காதுக்குள் சொருகிக்கொண்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அலமாரிக் கோப்பையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் அதைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்தார். மாயா சுவரோடு சுவராகிவிட்டாள்.

"இது ஆரின்ர வீடு?" என்று மச்சாள் என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் குரலில் டொராண்டோ விமானம் இறங்குகிற சத்தம் கேட்டது.

மியூசியம் பார்க்க வந்தோம் என்று நான் கிழவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் திரையை விலக்கி, கொடி கட்டிய பக்கத்து வீட்டைக் காட்டினார். அதுதான் மியூசியம். எல்லோரும் வாசல் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். காலையிலிருந்து அங்கே யாராவது போனீர்களா? யாருமில்லை என்றேன். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

அவர் பெயர் டெஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் சாமான்களை எல்லாம் ஒருகாலத்தில் அந்த மியூசியத்துக்கு இலவசமாகக் கொடுக்கப் போனாராம். மியூசியக் கமிட்டியின் தலைவி ஜாய்ஸ், இடமில்லை, இதெல்லாம் பழைய இரும்பு என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை. இன்று ஒரு கப்பல் கூட்டம் மியூசியத்தைத் தாண்டி இவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. விடுவாரா? தொப்பியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சுற்றிக் காட்டினார். நான் போர்க்கப்பலுடையது என்ற நங்கூரம், கடற்கொள்ளைக்காரர்களுடையது ஆகிவிட்டது. அவர் சொன்னதும் புளுகுதான். எனக்குத் தெரியாதா, என் தொழிலே அதுதானே. ஆனால் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

கடற்கொள்ளைக்காரர்கள் கரையேறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஏப்ரனில் மாவு. ஜாய்ஸ் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. இந்த ஊருக்குக் கப்பல் வருவதே எப்போதாவதுதான், விடியும் முன்பே எழுந்து எல்லோருமாக ஸ்கோன் ரொட்டி சுட்டு வைத்தோம், ஒருவர்கூட வரவில்லை என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ஏப்ரனில் இருந்த மாவைத் தட்டிவிட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், பெருவிரல் சூடாக இருந்தபோதுகூட நான் இவ்வளவு வெட்கப்படவில்லை.

கணவர் என் காதுக்குள், "மன்னிப்புக் கேட்டிட்டு வாரும், போவம்" என்றார்.

கேட்டிருப்பேன். ஆனால் டெஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், தொப்பியும் அதுவுமாக, நெஞ்சை நிமிர்த்தி. வீடு தவறி வந்துவிட்டோம் என்று ஜாய்ஸிடம் சொன்னால் நிமிர்ந்த அந்த நெஞ்சு என்ன ஆகும்? நான் குடையைத் தூக்கினேன். சுற்றுலாவின் முதல் பாகம் இத்துடன் முடிகிறது, இரண்டாம் பாகம் பக்கத்து வீட்டில், தேநீரும் ஸ்கோனும் உண்டு என்று அறிவித்தேன். ஜாய்ஸிடம் திரும்பி, உங்களிடம்தான் வந்துகொண்டிருந்தோம் என்றேன். புளுகுதான். எந்த அலுவலகமும் அதற்கு இழப்பீடு கொடுக்காது. ஆனால் கூட்டம் குடைக்குப் பின்னால் ஒழுங்காக வந்தது.

டெஸ் மட்டும் வரவில்லை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று வேலியோரம் நின்றுகொண்டார். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிகளும் வாசிக்க முடியாத சின்ன எழுத்தில் குறிப்புகளும்தான் இருந்தன. (உண்மையைச் சொன்னால் டெஸ் வீடுதான் நன்றாக இருந்தது.) கொஞ்ச நேரத்தில் பார்த்தால், மச்சாள் ஒரு தட்டில் ஸ்கோன்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அடி கருகியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, நல்லதாக நாலைந்தை எடுத்துப்போய் வேலிக்கு மேலாக டெஸ்ஸிடம் நீட்டினார். அதைப் பார்த்த ஜாய்ஸ் உள்ளே போய் ஜாம் பாட்டிலோடு வந்து, வேலிக் கட்டை மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். டெஸ் அதை உடனே எடுக்கவில்லை. ஜாய்ஸ் முதுகைக் காட்டிய பிறகு எடுத்துக்கொண்டார். சமாதானம் ஆகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது அவ்வளவுதான்.

கப்பலுக்குத் திரும்பும் பஸ்ஸில் மச்சாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜாம் கொஞ்சம் இளக்கம் என்றார். பிறகு, டொராண்டோவில் டிசம்பரில் நல்ல குளிராம், கம்பளிக் கோட்டு இருக்கோ என்று கேட்டார். அந்த டிசம்பரில் நான் குற்றாலத்தில் குளிக்கவில்லை. சித்தி வீட்டு வாசலில் பனி வாரினேன்.

அதோடு விட்டார்களா? இப்போது ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் யாராவது வீடு வாங்கிக் குடிபுகுந்து எங்களை அழைத்தால், என் கணவர் வாசலிலேயே நின்று, "இது வீடோ, மியூசியமோ? கேட்டுச் சொல்லுங்கோ, இவ உள்ளுக்கு வரப்போறா" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், மாயா வந்து என் கால் பெருவிரலைத் தொட்டுவிட்டு, "இட்ஸ் வார்ம்" என்று அப்பாவுக்கு அறிக்கை கொடுப்பாள். நான் சிரிப்பதில்லை.

போன வருடம் என் அலுவலகத்தில் ஒருத்தி அதே கப்பலில் போய்விட்டு வந்தாள். அந்தத் துறைமுகத்தில் ஒரு கிழவர் வீட்டுக்குப் போனோம், அருமையான ஆள் என்றாள். கப்பல் வருகிற நாளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூப்பிடுகிறாராம். அவர் சொல்கிற கதைகளிலேயே பெரிய கதை, பச்சைக் குடையோடு வந்த ஓர் இந்தியப் பெண், தூங்கிக்கொண்டிருந்த தன்னைக் காலைப் பிடித்து இழுத்து நாற்காலியிலிருந்து கீழே தள்ளியதுதானாம். அப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று என்னிடமே கேட்டாள்.

நான் இழுக்கவில்லை. தொட்டேன்.