ஐம்பத்தெட்டு கிலோ டிரைவர்

"இந்த வண்டியை இனிமே ஒரு மெக்கானிக் தொட்டான்னா, நான் பென்சிலையே தொடமாட்டேன்! நானே சரி பண்றேன்!"

டிராயிங் வாத்தியார் இப்படி முழங்கியது கார் ஷெட்டில், கையில் நூல்கண்டோடு.

அவருடையது பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாய்த் தவழும். எல்லாம் நல்லதுதான், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால், வண்டி மட்டும் இடது பக்கம் யாரையோ குசலம் விசாரிக்கப் போவதுபோல் ஒதுங்கும். ஸ்கேல் இல்லாமலே கரும்பலகையில் நேர்கோடு போடுகிற மனுஷனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்த மனைவி, வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்படியும் நேரா ஓடலேன்னா?"

"யாரு கையில நேரா ஓடுதோ அவங்களுக்கே சாவி! போதுமா?"

அவளிடமும் லைசென்ஸ் இருக்கிறது. அவருக்கு முன்னாலேயே வாங்கியது. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறாளே தவிர, திருப்பியதில்லை.

"சாட்சிக்கு நான் இருக்கேன் அண்ணே!" மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு சொன்னார் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர்.

வாத்தியார் காரின் இரண்டு பக்கமும் விறைப்பாக நூல் கட்டினார். சக்கரத்தின் முன்பக்கம் நூலுக்கு எவ்வளவு இடைவெளி, பின்பக்கம் எவ்வளவு என்று அளந்தார். சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"ஓட்டுறவன் எடை சீட்டுல இருக்கறப்பதான் அளக்கணும். நான் அங்க உக்காந்தா, கீழே படுத்துத் திருகறது யாரு?"

"உங்க எடை எவ்வளவுங்க? அந்த அளவுக்கு மணல் மூட்டை கட்டி வச்சுடலாம்" என்றாள் மனைவி.

வாத்தியார் மதிலைப் பார்த்தார். அங்கே இரண்டு காதும் தயாராக இருந்தன.

"என்ன... ஒரு ஐம்பத்தெட்டு இருப்பேன்."

"அண்ணே, நம்ம கடையில மெஷின் இருக்கு. ஒரு நிமிஷம் ஏறி..."

"என் உடம்பு எனக்குத் தெரியாதாய்யா?"

அவருடைய கால்சட்டை இடுப்பை இந்த வருஷம் மட்டும் இரண்டு தடவை பிரித்துவிட்டவள் அவள்.

"அட, நானும் அதே ஐம்பத்தெட்டுதான்! மூட்டை எதுக்கு? நானே உக்காந்துக்கறேன்."

ஜம்மென்று ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

வாத்தியாருக்கு விக்கல் எடுத்தது. வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் நிஜ எடை மருந்துச் சீட்டோடு சேர்ந்து தெரு முழுக்கப் போய்விடும். பேசாமல் காருக்கடியில் புகுந்தார். தொந்தி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே போனது.

சக்கரத்தின் கோணத்தை மாற்றும் கம்பியைத் திருகினார். வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, மறுபடி அளந்தார். மறுபடி திருகினார்.

"அசையாதேடி!"

"நான் எங்கங்க அசைஞ்சேன்? அடியில உங்க வயிறுதான் இடிக்குது!"

மத்தியானத்துக்குள் நாலு சக்கரமும் நூல் பிடித்தாற்போல் நின்றன. வாத்தியார் வெற்றி நடை போட்டு வந்து ஏறினார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அவர் பக்கம் அமுங்கியது. போகிற வழியெல்லாம் ஓரத்தையே தேடி ஓடியது.

"ரோடு சரியில்லை!" என்றார் திரும்பி வந்து. மறுபடி போனார். "காத்து இழுக்குது!" என்றார்.

"நான் ஒரு தடவை பார்க்கட்டுங்களா?"

அவள் ஸ்டியரிங்கில் ஒற்றை விரலை வைத்திருந்தாள். வண்டி, கரும்பலகையில் அவர் போடுகிற கோடு மாதிரியே நேரே போய், நேரே வந்தது.

"பார்த்தியா என் கைவேலையை! எந்த மெக்கானிக்கால கிட்ட வர முடியும்?"

"நானும் அதைத்தாங்க சொல்றேன். சாவி இனிமே எனக்கு. இல்லேன்னா, உங்க நிஜ எடைக்கு மூட்டை கட்டி முதல்லேர்ந்து அளந்துடலாம். சொல்லுங்க, எவ்வளவு?"

மருந்துக்கடைக்காரர் மதிலில் இன்னும் கொஞ்சம் எம்பினார்.

வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார். வயிற்றை எக்கினார். "ஐம்பத்தெட்டு! ஒரு கிராம் கூடக் கிடையாது!"

"அப்ப சரி. நான் மார்க்கெட்டுக்குப் போறேன்."

"இரு, நானும் வரேன்." கதவுப்பிடியில் கை வைத்தார்.

"நீங்க நடந்தே வாங்க. ஐம்பத்தெட்டு ஆனதும் ஏத்திக்கறேன்."