ஆட்டு இரைப்பையும் என் இடது காலும்

பெருமதிப்புக்குரிய எல்ஸ்பெத் அக்காவுக்கு, உன் தம்பி மர்டோ அடக்க ஒடுக்கமாக எழுதிக்கொள்வது.

இங்கு நானும் நோலீனும் நாய் ஜெஸ்ஸும் நலம். மழை, தெற்குக் காற்று, நோலீனின் வாய் மூன்றும் வழக்கம்போல் ஓயவில்லை. நெல்சன் நகரத்து வெயிலில் நீயும் உன் பருப்பு டப்பாக்களும் சௌக்கியம்தானே? இந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கறை இருக்கும். அது தேநீர். வேறெதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் இருக்கிறது. இனி நான் ஆட்டுக்கறியைத் தொடமாட்டேன், இது சத்தியம். கறியே தொடாத நீ நாற்பது வருஷமாக, "ஆட்டுப் பாவம் உன்னைச் சும்மா விடாதுடா மர்டோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அது பலித்துவிட்டது. சும்மா விடாமல் வந்து காலிலேயே ஒட்டிக்கொண்டது.

வேலிக் கம்பி கீறியதும், என் சர்க்கரை வியாதியால் கணுக்காலுக்கு மேல் புண் ஆனதும் உனக்குத் தெரியும். ஏழு மாதம் ஆகியும் அது கோழிமுட்டை அளவில் வாயைத் திறந்துகொண்டே இருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் பென்ரோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மார்ச் பன்னிரண்டுக்குள் மூட ஆரம்பிக்கவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். நான் துளியும் கலங்கவில்லை. நோலீன்தான் அழுதாள், நான் தேற்றினேன். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து கட்டுப்போடும் நர்ஸ் ஹூரியா ஒரு உறையைப் பிரித்து, வெள்ளைக் காகிதம் மாதிரி ஒன்றை எடுத்துப் புண்ணில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ஆட்டு இரைப்பை, மாமா."

அக்கா, இறைச்சி ஆலையில் முப்பத்தொரு வருஷம் இரைப்பை கழுவும் மேசையில் நின்றவன் நான். எத்தனை லட்சம் இரைப்பைகளைப் புரட்டி, அலசி, வழித்திருப்பேன்! அது இப்போது திரும்பி வந்து என் மேலேயே ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க மாமா, இதுல ஆடே இல்ல. ஆட்டோட செல்லையெல்லாம் கழுவி வெளியேத்திட்டாங்க. செல்லுங்க குடியிருக்கச் சுத்தி ஒரு நார்ப் பின்னல் இருக்கும், அது மட்டும்தான் மிச்சம். குடித்தனக்காரங்க காலி பண்ணிட்டுப் போன வீடுன்னு வெச்சுக்கோங்க. உங்க புண்ணுல அந்தப் பின்னல் அழுகிப் போச்சு, புதுச் செல்லுக்குப் பிடிக்க ஒண்ணுமில்ல. இனி இதுல வந்து குடியேறும்."

"வாடகை?"

"நீங்க கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கறதுதான்."

சும்மா இருக்கும் ராசியா நம் குடும்பத்துக்கு? மூன்றாம் நாள் கட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம் மஞ்சள் கூழாகிக் கிடந்தது. எங்கள் பழைய மேஸ்திரி சொல்வார், மஞ்சள் தெரிந்தால் இன்னொரு அலசு அலசு என்று. சரி, ஆலையில் எவனோ கழுவாமல் அனுப்பிவிட்டான், இந்தக் காலத்துப் பயல்களுக்கு வேலையில் எங்கே அக்கறை என்று திட்டிக்கொண்டே, ஒரு தொட்டி வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாக ஊற்றி, கையில் கிடைத்த பிரஷ்ஷால் தேய்த்தேன் பார், புண் பளபளவென்று ஆகிவிட்டது. அந்தக் காலில் உணர்ச்சி மட்டு என்பதால் வலிக்கவும் இல்லை. பெருமையாக நோலீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் புண்ணைப் பார்க்கவேயில்லை.

"அது என் உருளைக்கிழங்கு பிரஷ்ஷு!"

மறுநாள் ஹூரியா வந்தாள். கட்டைப் பிரித்தவள் குனிந்து புண்ணை முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, என்ன பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணினேன்."

"அந்த மஞ்சக் கூழு என்னன்னு தெரியுமா? அதுதான் உங்க செல்லு உள்ள வர்றதுக்கு அடையாளம். எதால கழுவினீங்க, சோப்பா? செல்லுக்கு வெளித்தோல் எதுல செஞ்சிருக்கு தெரியுமா? கொழுப்புல! ரெண்டு வரிசை. தலையெல்லாம் தண்ணியப் பாத்து நிக்கும், வாலுக்குத் தண்ணின்னா ஆகாது, அதனால ரெண்டு வரிசை வாலும் நடுவுல ஒளிஞ்சுக்கும். நடுநடுவுல கதவு, எது உள்ள வரணும் எது வெளிய போகணும்னு பாத்துப் பாத்து விடறதுக்கு."

"பட்டியில ஆடு பிரிச்சு விடற கதவு மாதிரி" என்றேன், பேச்சை மாற்றலாம் என்று.

"ஆமா, அந்த மாதிரிதான். நீங்க கதவை மட்டுமா உடைச்சீங்க? சோப்புக்கு வறுத்த சட்டியும் ஒண்ணுதான், உங்க செல்லும் ஒண்ணுதான் மாமா. கொழுப்பு எங்க இருந்தாலும் கரைக்கும். பாவம், நேத்துதான் மூட்டை முடிச்சோட குடி வந்துச்சுங்க!"

"எத்தனை பேரு போயிருப்பாங்க?"

"ஊர் ஊரா."

பிறகு கைப்பையிலிருந்து இன்னொரு உறையை எடுத்து, "இதுதான் கடைசி" என்றாள். அப்போதுதான் எனக்கு இது விளையாட்டு இல்லை என்று உறைத்தது. பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் ஐந்தே வாரம்.

அன்றிலிருந்து வீட்டில் சோப்புக்குத் தடை. நோலீன் எல்லாச் சோப்பையும் காரின் பின்பெட்டியில் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பாத்திரம் சாம்பலால் தேய்க்கப்பட்டது, நான் வெறும் தண்ணீரால் துடைக்கப்பட்டேன். ஆடு மேய்த்துப் பழகிய ஜெஸ்ஸோ, நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நொண்டினால் போதும், தரையோடு தரையாகப் பதுங்கி, கண்ணை எடுக்காமல் முறைத்து, என்னைச் சமையலறை மூலைக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆடு இல்லை என்று ஹூரியா சொன்னதை நாய் நம்பவில்லை. புல்தரைப் பந்து ஆடும் கிளப்பில் கோலின் என்னைக் கண்டாலே "மே" என்கிறான். அவனுக்கு ஒரு நாள் வரும்.

பன்னிரண்டாம் தேதி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சத்தியம். கால் பிழைத்தால் ஆட்டுக்கறி தொடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன், நோலீன் சாட்சி. ஹூரியா தன் விடுமுறை நாளில் வந்து நின்றாள். டாக்டர் குனிந்தார், பூதக்கண்ணாடி கேட்டார், மறுபடி குனிந்தார். எனக்கு அவருடைய வழுக்கை மட்டும்தான் தெரிந்தது.

"பிடிச்சுக்கிச்சு" என்றார்.

கோழிமுட்டை பட்டாணி ஆகியிருந்தது அக்கா! ஹூரியா துள்ளிக் குதித்தாள். ஒவ்வொரு செல்லும் தோலைத் தாண்டிக் கையை வெளியே நீட்டி அந்த நாரைப் பிடிக்குமாம், பிடித்தால்தான் பிழைக்குமாம், என் செல்கள் கெட்டியாகப் பிடித்துவிட்டனவாம். நான் நிதானமாக டாக்டருக்குக் கைகொடுத்துவிட்டு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் நடந்தே காருக்குப் போனேன்.

ஆகவே ஈஸ்டருக்கு நீ அவசியம் வரவேண்டும். வரும்போது பருப்பு சமைக்கும் வகையை எழுதி எடுத்து வா. பத்து நாளாக இந்த வீட்டில் ஆட்டு வாசனையே கிடையாது. நீ சொன்ன சொல்லை நாற்பது வருஷம் கேட்காத தம்பி, இப்போது திருந்திய தம்பி. உன் முட்டிவலி குறையவும், உன் தோட்டத்து முட்டைக்கோசில் புழு விழாதிருக்கவும் வேண்டும்,

என்றும் உன் அன்புத் தம்பி,
மர்டோ கெடிஸ்

பின்குறிப்பு: எல்ஸ்பெத், இது நோலீன். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். கறை தேநீர் இல்லை, ஆட்டுக்கறிக் குழம்பு. காரில் ஏறியதும் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தவர் இருபது மைல் ஓயவில்லை. அத்தனை தூரமும் என் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார், நான் ஒற்றைக் கையால் ஓட்டினேன். ரொட்டிக் கடையில் சூடான ஆட்டுக்கறி பன் என்று பலகை கண்ணில் பட்டதும்தான் கையை விட்டார்.