காலர் மேல் குற்றமில்லை

அன்புள்ள கொழுந்தனாருக்கு அண்ணி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீ நலமில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று முழிக்காதே, சொல்கிறேன்.

போன வாரம் ஒரு காலர் பேட்டர்ன் வெட்டி அனுப்பியிருந்தாயே, "ஒரு கண்ணு திடீர்னு இருட்டுச்சு அண்ணி, காலரை இளக்கினேன், தெளிஞ்சிடுச்சு. இனிமே நம்ம ரெண்டு தையல் கடையிலயும் இந்த அளவுதான், ஒரு இன்ச் கூட, கழுத்துக்கு நல்லது" என்று சீட்டு வைத்து. இன்று காலை அதைத் துணிமேல் வைத்தபோது, காகிதம் கெட்டியாக இருக்கிறதே என்று திருப்பிப் பார்த்தேன். பின்னால் உன் பெயர், ஒரு கழுத்துப் படம், எண்பது என்று ஒரு எண். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டையே காலராக வெட்டியிருக்கிறாய்! நான் படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் இந்தப் படம் எனக்குத் தெரியும். உன் அண்ணனுக்கும் எடுத்தார்கள், அவர் விழுந்த பிறகு.

அவருக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது! சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு கண்ணில் திரை விழுகிறது என்றார். ஐந்து நிமிடத்தில் சரியானதும், "காலர் இறுக்கம்டி, அதான்" என்று தன் சட்டை ஏழையும் பிரித்து இளக்கினார். அதோடு விட்டாரா, ஊரார் கழுத்துக்கெல்லாம் தானே பொறுப்பு என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு இன்ச் கூட்டித் தைத்தார். பேங்க் மேனேஜர் கழுத்து கிணற்றுக்குள் நட்ட கம்பு மாதிரி நின்றது. கல்யாண மாப்பிள்ளை ஒருவர் வந்து, "இதுல பொண்ணும் சேர்ந்து தலையை விடலாம் போலிருக்கே" என்று கத்திவிட்டுப் போனார். அடுத்த வாரம் கை மரத்துக் கத்திரி விழுந்தது, அதற்கு மணிக்கட்டில் கஃப் இறுக்கம் என்று அதையும் பிரித்தார். மூன்றாவது முறை விழுந்தது அவர். ஒன்பது நாள் பேச்சில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஏதோ சொல்ல வந்தார் தம்பி, என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் போனபின் அந்தச் சட்டைகளெல்லாம் திரும்பி வந்தன. முப்பத்தொரு காலரையும் அழுதுகொண்டே இறுக்கிக் கொடுத்தேன்.

அதனால் பேட்டர்னோடு, உன் அண்ணனைப் பார்த்த அதே டாக்டரம்மாவிடம் ஓடினேன். "ரிப்போர்ட் ஏம்மா இப்படி வளைஞ்சிருக்கு?" என்றார். "காலர் டாக்டரம்மா" என்றேன். "வலது கழுத்து இருக்கு, இடது கழுத்து எங்க?" "அது வெட்டுத்துணியோட குப்பைக்குப் போயிருக்கும்." அவர் தலையில் அடித்துக்கொண்டு, இருக்கிற கழுத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார்.

பிறகு சொன்னதை நம் தொழில் கணக்கில் சொல்கிறேன், கேள். உன் கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து நூற்றுக்கு எண்பது அடைத்துக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இறுக்கம் உள்ளே இருக்க, வெளியே காலரை இளக்கி என்னடா பிரயோசனம்? தொடையில் சின்னதாகத் துளை போட்டு, நாம் பாவாடைக்கு ஊக்கில் நாடா கோர்க்கிற மாதிரி மெல்லிய கம்பியைக் கழுத்துவரை கோர்ப்பார்களாம். துணுக்கைப் பிடிக்க ஒரு குட்டி வலைக்குடை. அப்புறம் ஸ்டென்ட் என்று ஒரு வலைக்குழாயை உள்ளே விரித்து வைத்து வழியைத் திறந்துவிடுவார்களாம். நீ முழித்துக்கொண்டே இருப்பாய். கையில் கீச்சுப் பொம்மை கொடுத்து அமுக்கச் சொல்வார்கள், கீச்சென்றால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம். உன் மூளைக்கு இப்போதாவது ஒரு சாட்சி கிடைக்கட்டும்.

"இதுக்கப்புறம் வரவே வராதா?" என்று கேட்டேன். "அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேம்மா. இதுலயும் கொஞ்சம் ஆபத்து இருக்கு. ஆனா சும்மா விட்டா அதைவிடப் பெரிய ஆபத்து. மாத்திரையை விடக்கூடாது, சிகரெட்டை விட்டே ஆகணும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

போனில் சொன்னால் "சிக்னல் இல்ல அண்ணி" என்பாய். அதனால் பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே பஸ்ஸில் ஏறி வா. நீ ஏறாமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார், தைக்கக் கொடுத்த அவருடைய யூனிபார்ம் பேன்ட் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஒருவரைப் பார்த்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்தாயிற்று. இன்னொரு தடவை என்னால் ஆகாது தம்பி.

உன் கண்ணும் கையும் நாக்கும் நூறு வயதுவரை உன் பேச்சைக் கேட்கட்டும். நீ இன்று ஒரு நாள் என் பேச்சைக் கேள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு.: ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை வைத்திருக்கிறேன், உன் அண்ணனுடையது. ஊரார் காலரையெல்லாம் இறுக்கியவளுக்கு இதைப் பிரிக்க மட்டும் கை வரவில்லை. ஒரு இன்ச் இளக்கமாகத்தான் இருக்கும். டாக்டரம்மாவிடம் சொல்லாதே. இருந்துவிட்டுப் போகட்டும், கழுத்துக்கு நல்லது.